தாபரிப்புப் பணம் நின்றுபோய் ஏழு மாதம், வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நான் கிளிநொச்சி தருமபுரத்தில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதப் போகிறாள், சின்னவன் ஆறாம் ஆண்டு. நீதவான் நீதிமன்றக் கட்டளைப்படி தகப்பன் பிள்ளைகளின் பராமரிப்புக்குத் தாபரிப்புப் பணமாக மாதம் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். நாலு மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு கொழும்புப் பக்கம் வேலைக்குப் போனார். அதோடு சரி, ஏழு மாதமாக ஒரு சதமும் இல்லை. போன் எடுத்தால் துண்டித்துவிடுகிறார்.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தர வழி இருக்கிறது. ஆனால் அவர் எந்தக் கம்பனியில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. முகவரி இல்லாமல் நிலுவைக்கு மனுப் போடலாமா? சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். என்னென்ன பத்திரம் கொண்டு போக வேண்டும்? ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் கிளிநொச்சிக்கு பஸ் ஏறுகிறேன், வெறுங்கையோடு திரும்ப முடியாது.

"விட்டுத் தள்ளு" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அது என் காசு இல்லை, பிள்ளைகளின் காசு. இப்படி நிலுவையை எடுத்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் எங்கே போனீர்கள் என்று சொல்லுங்கள்.