‘மொய் தவிர்க்கவும்’ என்று அச்சிடுவதைப் பெரியவர்கள் எதிர்ப்பது ஏன்?

கேள்வி:
வரும் தை மாதத்தில் தங்கைக்குத் திருமணம். அழைப்பிதழில் ‘மொய் தவிர்க்க வேண்டுகிறோம்’ என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். பெரியப்பா கடுமையாக மறுத்துவிட்டார். பணம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல; ஆயினும் ‘இத்தனை வருஷம் செய்த செய்முறை என்னாவது?’ என்கிறார். வேண்டாம் என்று சொல்வது பெருந்தன்மைதானே? இதில் மனவருத்தம் எங்கிருந்து வருகிறது?

பதில் 1:
கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றுமே கடமைகள் என்று 1925-இல் வெளியான தம் கட்டுரையில் பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் எழுதினார். நாம் வழக்கமாக மறப்பது நடுவில் இருப்பதைத்தான். வாங்க மறுப்பவர் பணத்தை மட்டும் மறுப்பதில்லை, கொடுக்க வந்தவரின் உறவையும் சேர்த்தே மறுக்கிறார். உங்கள் பெரியப்பாவின் மொய் நோட்டில் பெயருள்ள ஒருவர், தம் வீட்டு விசேஷத்தில் அவர் எழுதியதைத் திருப்பிச் செய்ய ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருப்பார். அந்த வாய்ப்பை அடைத்துவிட்டால் அவர் கடனாளியாகவே நிற்க வேண்டியதுதான். ஊரில் அது சிறிய அவமானம் அன்று.

பதில் 2:
கீரமங்கலம் பக்கத்துக்காரன் என்பதால் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் திருமணமோ காதணி விழாவோ இல்லாமலே, மொய்க்கென்றே விருந்து வைப்பார்கள். சில குடும்பங்கள் சேர்ந்து பந்தல் செலவையும் கறிச்சாப்பாட்டுச் செலவையும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் மொய் எழுதும் மேசை ஒவ்வொருவருக்கும் தனி. வந்த பணம் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போகும்.

கவனிக்க வேண்டியது திருப்பிச் செய்யும் முறை. நான் 500 எழுதியிருந்தால் அவர் 1,000 எழுதுவார். கூடுதலான 500 வட்டியன்று. இனி நான் அவருக்குச் செய்ய வேண்டிய புதுக்கணக்கு. வாங்கிய தொகையை மட்டும் அப்படியே எழுதிவிட்டு ஒருவர் எழுந்து போனால், ‘கணக்கை முடித்துக்கொண்டார்’ என்றுதான் பொருள் கொள்வோம். பாக்கி இருக்கும்வரைதான் போக்குவரத்தும் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு இந்தச் சுழற்சியே தடுமாறியது. திருப்பிச் செய்ய முடியாதவர்கள் விருந்துகளுக்கு வருவதையே தவிர்த்தார்கள்.

பதில் 3:
மேலே உள்ள இரண்டும் சரியே. ஆனால் இதை உறவின் அழகு என்று மட்டும் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. முகூர்த்த மாதத்தில் நான்கைந்து பத்திரிகைகள் ஒருசேர வந்துவிட்டால், தினக்கூலிக் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் மொய் எழுதுகிறது. அக்கடனை அடைக்க நகையை அடகு வைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்; நோட்டில் ஏறுவதோ ஆணின் பெயர். கணவரை இழந்த பெண்ணைத் தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசைக்கு அழைக்கத் தயங்கும் வீடுகள்கூட, அவர் செய்ய வேண்டிய பாக்கியை மறப்பதில்லை. மேலும், யார் வீட்டில் யார் மொய் எழுதுகிறார் என்பது பெரும்பாலும் சாதி எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எனவே அந்த வரியை அச்சிட நினைத்தவரின் எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பழைய பாக்கி உள்ளவர்களிடம் பெற்றுக்கொண்டு, புதியவர்களிடம் மட்டும் தவிர்க்க முடியுமா?

பதில் 2:
முடியும். ஊருக்குக் கொடுக்கும் பத்திரிகையில் அந்த வரி வேண்டாம்; நண்பர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் தனியாக அச்சிடுவதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் பெரியப்பாவையே பழைய நோட்டுடன் உட்கார வையுங்கள். யார் பழைய கணக்கு, யார் புதிது என்பது அவருக்குத்தான் தெரியும்.