வேகம், நேரம், தூரம்: சதவீதக் கணக்கில் உங்கள் அனுபவம் என்ன?

நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். போன மாதம், உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு தங்கை ஒரே கணக்கோடு வெகுநேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வழக்கமான வேகத்தில் 20 சதவீதம் குறைத்து நடந்தவர் 10 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்கிறார். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும்? தங்கை 50 நிமிடம் என்று எழுதியிருந்தார். வேகம் 20 சதவீதம் குறைந்தால் நேரமும் 20 சதவீதம் கூடும் என்று எடுத்துக்கொண்டால் 50தான் வரும். கொடுத்திருந்த நாலு விடைகளில் அதுவும் இருந்தது. கேள்வி தயாரிக்கிறவர்களுக்கு நாம் எங்கே கோட்டை விடுவோம் என்று நன்றாகவே தெரியும்.

சதவீதத்தைப் பின்னமாக்கிப் பாருங்கள் என்றேன். 20 சதவீதம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. வேகம் ஐந்து பங்கிலிருந்து நாலாகக் குறைந்தால், அதே தூரத்துக்கு நேரம் நாலு பங்கிலிருந்து ஐந்தாகக் கூடும். கூடின அந்த ஒரு பங்குதான் 10 நிமிடம். அப்போ பழைய நேரம் 40 நிமிடம். அடுத்த கணக்கை அவரே மனதில் போட்டுவிட்டார்: வேகம் 25 சதவீதம் கூடினால் நேரம் 20 சதவீதம் குறையும். ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராத வேலைகளுக்கான என்டிபிசி முதல்கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, தப்பான விடைக்கு மூன்றில் ஒரு மார்க் போய்விடும். அங்கே எக்ஸ், ஒய் எல்லாம் வைத்துத் தாளை நிரப்ப நேரம் ஏது?

ஆரப்பாளையத்திலிருந்து ஒருவர்:
எங்கள் மாமா திண்டுக்கல் பஸ் ஓட்டுகிறவர். "60 கிலோமீட்டர் தூரம். போகும்போது மணிக்கு 60, வரும்போது 40. சராசரி வேகம் என்ன மாப்ள?" என்று ஒருநாள் கேட்டார். வீட்டில் இருந்த அத்தனை பேரும் 50 என்றோம். "மெதுவாப் போறப்பதான ரோட்டுல ரொம்ப நேரம் இருக்கேன், அது எப்படிச் சரிபாதியாகும்?" என்றார். சரிதான். போக ஒரு மணி, வர ஒன்றரை மணி. 120 கிலோமீட்டரை இரண்டரையால் வகுத்தால் 48.

மேலூரிலிருந்து ஒருவர்:
பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, எது மாறவில்லை என்றுதான் முதலில் கேட்பேன். நேரம் மாறாவிட்டால் வேகம் கூடின அதே சதவீதம் தூரமும் கூடும், அதில் சிக்கலே இல்லை. இரண்டும் மாறினால் பெருக்கித்தான் ஆகணும். வேகம் 20 சதவீதம் கூடி, நேரம் 20 சதவீதம் குறைந்தால் தூரம் அப்படியே இருக்கும் என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. 1.2 × 0.8 = 0.96. தூரம் 4 சதவீதம் குறைகிறது.