'கொலோனியா'வுக்குத் தமிழ்ச்சொல்: 'நிறுவுகுடி'

அன்பர்களுக்கு வணக்கம்.

ரோமானிய அரசு குடிகளை அழைத்துச் சென்று அமர்த்திய 'கொலோனியா'வைக் 'குடியேற்ற நாடு' என்று எழுதலாம் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. அது நாடன்று, ஊர். அதிலும் மக்கள் தாமாக வந்து சேர்ந்த ஊரன்று. 'காலனி' என்றே விட்டுவிட்டாலோ, படிப்பவருக்கு ரயில்வே காலனிதான் நினைவுக்கு வரும்.

கி.மு. 189இல், போயி என்னும் கெல்டியரிடமிருந்து பறித்த நிலத்தில், ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் முடிவுப்படி பொனோனியா (இத்தாலியின் இன்றைய பொலோஞ்ஞா) அமைக்கப்பட்டது. அதற்கென அமர்த்தப்பட்ட மூவர் 3,000 பேரை அழைத்துச் சென்று, குதிரைவீரருக்கு 70 யூகரமும் ஏனையோருக்கு 50 யூகரமும் வழங்கினர். ஒரு யூகரம் ஏறத்தாழக் கால் ஹெக்டேர். இச்செயலை லத்தீனில் 'தேதூகெரே', அதாவது அழைத்துக்கொண்டு போதல், என்பர். செய்பவர் அரசு, போகிறவர் குடிகள். தமிழிலும் 'ஏறு', 'ஏற்று' என்று வினையில் இவ்வேறுபாடு உண்டு. ஆனால் 'குடியேற்றம்' என்று பெயராக்கியவுடன் அது மறைந்து, விசா வாங்கிக் கனடா போவதற்கும் அதே சொல்லே நிற்கிறது.

ஆகவே 'குடி நிறுவு' என்னும் வினையைப் பரிந்துரைக்கிறேன். கரிகாலன் உறந்தையைச் (உறையூரைச்) சீரமைத்ததைப் பட்டினப்பாலை 'கோயிலொடு குடி நிறீஇ' என்றே சொல்கிறது. இதிலிருந்து செயலுக்குக் 'குடிநிறுவல்', அனுமதிக்கும் தீர்மானத்துக்கு 'நிறுவாணை', பொறுப்பாளருக்குக் 'குடிநிறுவு மூவர்', ஊருக்கு 'நிறுவுகுடி' எனச் சொற்கள் இயல்பாகக் கிளைக்கின்றன. காரைக்குடி, தூத்துக்குடி என்று வழங்கும் நமக்கு ஊர்ப்பொருளில் 'குடி' புதிதன்று.

அங்கு வாழ்பவரை மட்டும் 'நிறுவுகுடியர்' என்னாதீர்கள். மதுக்கடை வாசலில் போய் நிற்கும். அவரை லத்தீனில் குறிக்கும் 'கொலோனுஸ்' என்பதன் வேர் 'கொலெரே'. உழுதல், குடியிருத்தல், பேணுதல் ஆகிய மூன்றும் அதன் பொருள்கள். நிலைத்து வாழ்வதையும் உழுதுண்பதையும் ஒருங்கே சுட்டும் 'குடியானவர்' நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்க வேண்டுவதில்லை. கிரேக்கர் வெளிநிலங்களில் அமைத்த 'அபோய்க்கியா' பெரும்பாலும் தன்னாட்சி பெற்ற நகரமாதலால், அதை இத்தொகுதியில் சேர்க்காமல் தனியே பேசுவோம்.

ஊரை அமைக்க அனுமதிக்கும் நிறுவாணையும் அதை நடத்தும் ஊர்ச்சட்டமும் ஒன்றல்ல என்பதையும் குறிக்க வேண்டும். சீசரின் ஆணையால் அமைந்த ஊர்சோவுக்கு (ஸ்பெயினின் இன்றைய ஒசூனா) வழங்கப்பட்ட ஊர்ச்சட்டம் வெண்கலப் பலகைகளில் கிடைத்திருக்கிறது. புதிய நகரின் எல்லையைக் காளையும் பசுவும் பூட்டிய ஏரால் உழுது வரைவதும், வாயில் வரும் இடங்களில் ஏரைத் தூக்கிக்கொள்வதும் ரோமானியர் மரபு. பெண்யானையை நடத்தி நில எல்லையை வரையும், சோழர் செப்பேடுகளின் 'பிடி சூழ்தல்' இதற்குப் பொருந்தும் என்றார் ஒருவர். அங்கே பெண்யானை, இங்கே ஏர் என்பதால் 'எல்லைச்சால்' என்பதே என் தேர்வு. அந்த எல்லைச்சாலுக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்கிறது ஊர்சோப் பலகை.