கூந்தன்குளத்துக்கு ஃபுல் ஃபிரேமா, கிராப்பா?

தாமிரபரணிக்காரன்:

வணக்கம். என்னிடம் இருப்பது கேனான் 200டி மார்க் 2, கூடவே 55-250 லென்ஸ். எடுப்பது பெரும்பாலும் பறவைகள். வீடு பாளையங்கோட்டையில் என்பதால் சீசனில் ஞாயிறு விடிந்தால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்தான். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றாலும் "நம்ம பையன்கிட்ட கேமரா இருக்கே" என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்போது கேமரா பாடியை மாற்றலாம் என்று இருக்கிறேன். கேனான் ஆர்7, ஆர்8 இரண்டும் எனக்குக் கிட்டத்தட்ட ஒரே விலையில் கிடைக்கின்றன. ஆர்7-இல் இருப்பது சிறிய கிராப் சென்சார், ஆர்8-இல் பெரிய ஃபுல் ஃபிரேம். கடையில் கேட்டால், "அதே காசுக்கு ஃபுல் ஃபிரேம் வரும்போது யாராவது கிராப் வாங்குவாங்களா?" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளத்துக்கு நடுவில் நிற்கிற வரித்தலை வாத்து என் 250 எம்எம்மில் இப்போதே எள்ளு மாதிரிதான் தெரிகிறது. ஃபுல் ஃபிரேமில் இன்னும் சிறிதாகிவிடும் என்கிறார்களே? பாடி போக மீதிக் காசுக்கு ஆர்எஃப் 100-400 லென்ஸ் ஒன்றுதான் கட்டுப்படியாகும். எதை எடுக்கலாம்?

கூழைக்கடா:

தம்பி, கடைக்காரர் சொன்னது கல்யாண மண்டபத்துக்குப் பொருந்தும். வாத்துக்குப் பொருந்தாது.

தனக்குப் பின்னால் எந்த சென்சார் இருக்கிறது என்பது லென்ஸுக்குத் தெரியாது. 400 எம்எம் போட்டுக் கரையிலிருந்து ஒரு வரித்தலை வாத்தைப் பிடிக்கிறீர்கள். அதன் பிம்பம் சென்சாரில் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்7 ஆனாலும் ஆர்8 ஆனாலும் அதே இரண்டு மில்லிமீட்டர்தான். ஆர்8-இன் சென்சார் 36×24 மில்லிமீட்டர், ஆர்7-இன் சென்சார் ஏறத்தாழ 22×15. ஆகவே ஆர்8-இல் வாத்தைச் சுற்றித் தண்ணீர் கூடுதலாக வரும். அந்தத் தண்ணீரை நீங்களே வீட்டுக்கு வந்து வெட்டி எறியப் போகிறீர்கள்.

வெட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஆர்8 மொத்தமே 24 மெகாபிக்சல். கிராப் அளவுக்கு வெட்டினால் 9 சொச்சம். ஆர்7-இல் அதே பரப்பில் 32.5 இருக்கிறது. அதாவது வாத்தின் மேல் விழுகிற பிக்சல் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் 200டி-யிலேயே அந்தப் பரப்பில் 24 இருக்கிறது. ஆர்8-க்கு மாறினால் அதே லென்ஸில் இப்போது கிடைப்பதைவிடக் குறைவான பிக்சலில்தான் பறவை கிடைக்கும். இருக்கிற 55-250-ஐ அடாப்டர் போட்டு ஆர்8-இல் மாட்டினாலும் அந்த 9-தான். கிராப்புக்கான லென்ஸ் என்று கண்டதும் கேமராவே வெட்டிவிடும்.

"சரி, ஃபுல் ஃபிரேமில் நாய்ஸ், அதாவது படத்தில் பொரிப்பொரியாக வருவது, குறைவுதானே?" என்று அடுத்து கேட்பீர்கள். பெரிய சென்சார் மொத்தத்தில் அதிக வெளிச்சம் வாங்குகிறது, உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் வெளிச்சம் விழுவது நீங்கள் வெட்டி எறிகிற தண்ணீரின் மேல். ஒரே லென்ஸ், ஒரே எஃப் எண் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு), ஒரே ஷட்டர் என்றால் வாத்தின் மேல் விழுகிற வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. ஆர்7 படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் பொரிபொரியாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். ஆர்8-இல் வெட்டிய படத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆனால் கூந்தன்குளத்திலேயே இன்னொரு கூந்தன்குளம் இருக்கிறது. ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்குமே, அங்கே. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்பதால் பறவைக்குப் பயம் கிடையாது, தலைக்கு மேலேயே குஞ்சுக்கு இரை ஊட்டும். அங்கே நாரை ஃபிரேமை நிறைத்துவிடும், வெட்டவே வேண்டாம். அப்போது ஃபுல் ஃபிரேம் முழுப் பலனும் தரும், ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு, கொஞ்சம் மேலேயே. நீங்கள் கொல்லை மரத்து ஆளா, நடுக்குளத்து ஆளா என்பதைப் பொறுத்தது விடை. கேள்வியைப் பார்த்தால் நடுக்குளம் என்றுதான் படுகிறது.

இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 100-400 அந்த 400 முனையில் எஃப் 8, வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும். விடிந்தும் விடியாத நேரத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வைக் கூட்டும் எண்) சும்மா 6400-ஐத் தொடும். கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தால் வெயில் ஏறித் தண்ணீருக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம் எந்த சென்சாராலும் இறகைப் பிரித்துக் காட்ட முடியாது. நல்ல நேரம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம்தான். அடுத்தது, ஆர்7-இல் எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மெதுவாகத்தான் படிக்கும். பறக்கிற பறவையின் சிறகு வளைந்து விழும். மெக்கானிக்கலிலேயே நொடிக்கு 15 படம் வருகிறது, அதுவே யதேஷ்டம்.

மணவறை கேமரா:

அண்ணாச்சி பறவைக்குச் சொன்னதில் நான் கை வைக்கவில்லை. விசேஷத்துக்கும் எடுப்பேன் என்கிறாரே, அதற்கு மட்டும். முகூர்த்த நேரத்தில் மணவறையைச் சுற்றி இடம் இருக்காது. ஒரு பக்கம் அய்யர், ஒரு பக்கம் மாப்பிள்ளையின் அக்கா, முதுகுக்குப் பின்னால் வீடியோக்காரர். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை கிராப்பில் போட்டால் 80 மாதிரி இறுகிவிடும், பின்னால் நகரவும் வழியில்லை. தாலி மட்டும் வரும், கட்டுகிற ஆள் வெளியே போய்விடுவார். ஃபுல் ஃபிரேமில் அதே லென்ஸ் மூச்சு விட இடம் கொடுக்கும், பின்னணியும் நன்றாகக் கரையும்.

இருந்தாலும் காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பதற்கு ஆர்8-ஐ மட்டும் நம்ப மாட்டேன். கார்டு ஸ்லாட் ஒன்றுதான். அந்த ஒரு கார்டு போனால் தாலி கட்டுவதை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. ஆர்7-இல் இரண்டு ஸ்லாட் இருக்கிறது. பேட்டரியும் ஆர்8-இல் சின்னது, உங்கள் 200டி-யில் இருக்கிற அதே பேட்டரிதான். பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

பிக்சல் பித்தன்:

ஆர்8 வாங்கி 600 எம்எம் எஃப் 11 மாட்டலாமே? ஒரு கிலோவுக்கும் கீழேதான் எடை. வாத்து பெரிதாக விழும், ஃபுல் ஃபிரேமும் ஆச்சு.

கூழைக்கடா:

மாட்டலாம், தப்பில்லை. கணக்குப் போட்டால் ஆர்7-இல் 400 எஃப் 8 தருகிற படத்துக்கும் அதற்கும் வெளிச்சத்தில் அதிக வேறுபாடு இல்லை. ஆனால் அது 600-இலேயே நிற்கும், எஃப் 11-இலேயே நிற்கும். பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பித் தலைக்கு மேல் வந்தால் பின்வாங்க வழியில்லை. 100-400 இருந்தால் ஒரு திருப்பில் 100-க்கு வந்துவிடலாம். எடையும் 635 கிராம்தான், கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கரை முழுக்க நடக்கலாம். இன்னும் காசு இருந்தால் 200-800 என்று ஒன்று இருக்கிறது, இரண்டு கிலோ. தம்பியின் பட்ஜெட்டில் அதைப் பற்றிப் பேசுவது பாவம்.

தாமிரபரணிக்காரன்:

அண்ணாச்சி, நடுக்குளம்தான். கொல்லை மரத்து நாரையை எல்லோரும் எடுத்தாயிற்று. அப்படியென்றால் ஆர்7-உம் 100-400-உம். விசேஷத்துக்கு என்ன செய்ய? சித்தப்பா மகள் கல்யாணம் தையில் இருக்கிறது.

மணவறை கேமரா:

ஆர்எஃப் 16 எம்எம் எஃப் 2.8 லென்ஸைப் பாருங்கள். கிராப்பில் 26 மாதிரி விழும், மணவறைக்கு அது போதும், விலையும் அடக்கம். முகம் மட்டும் ஓரத்தில் வைக்காதீர்கள், இழுபட்டுவிடும். மண்டபத்து எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக வரும்; ஆன்டி ஃபிளிக்கரை ஆன் செய்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள். எப்படியும் அங்கே காசுக்கு ஒரு போட்டோகிராஃபர் இருப்பார், அவர் வழியில் மட்டும் நிற்காதீர்கள்.

கூழைக்கடா:

கார்டை மட்டும் மலிவாக வாங்கிவிடாதீர்கள். ஆர்7-இல் ரா (சென்சாரின் மூலத் தரவு அப்படியே இருக்கும் பெரிய ஃபைல்) எடுத்தால், கார்டில் எழுதும்வரை படங்களைத் தாங்கும் பஃபர் சீக்கிரம் நிரம்பும், கூட்டம் எழும்புகிற நேரம் பார்த்து கேமரா நின்றுவிடும். யுஎச்எஸ் 2 என்கிற வேகமான கார்டு ஒன்று வாங்குங்கள், சுருக்கிய ராவில் எடுங்கள். 100-400-க்கு ஹுட் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கரையில் இருப்பேன். வந்தால் என் ஆர்7-ஐ வாங்கி ஒரு கார்டு நிறைய அடித்துப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம்.