‘ஜர்னிமேன் கிக்கர்’ – தமிழில் என்ன?

கோவையான்:
மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம். அவசரம். திங்கள் காலைக்குள் பில்லி கண்டிஃப் பற்றிய கட்டுரையைத் தமிழில் கொடுக்கவேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் கிக்கர், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர். 2002இல் டல்லாஸில் தொடங்கி நியூ ஆர்லியன்ஸ், கிளீவ்லாந்து, பால்டிமோர், வாஷிங்டன் என்று அணி அணியாகப் போனவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ.; பிறகு வணிக நிர்வாகம். முதல் வரியிலேயே ‘ஜர்னிமேன் கிக்கர்’ என்று வருகிறது. ‘பயணி உதைப்பாளர்’ என்று எழுதிப் பார்த்தேன். பஸ்ஸில் யாரோ யாரையோ உதைப்பதுபோல் இருக்கிறது.

பழஞ்சோறு:
அதில் பயணமே கிடையாது ஐயா. பிரெஞ்சில் ‘ழூர்’ என்றால் நாள். அதன் வழி வந்த சொல். தொழில் பழகி முடித்தவன், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாமல் நாள்கூலிக்குப் போகிறவன். நம் கணக்கில் சித்தாளும் இல்லை, மேஸ்திரியும் இல்லை, கொத்தனார். ‘நாளாளர்’ என்று வைக்கலாம்.

கோவையான்:
நாளாளர் என்றால் நாளிதழ் நடத்துபவர் என்பார்கள்.

வல்வையூரான்:
எங்கட பக்கம் விளையாட்டின் பெயரே உதைபந்தாட்டம். அங்கே எல்லாரும் உதைப்பாளர்தானே? அமெரிக்க ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்குது. இவருக்கும், பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்து விடுற பன்ட்டருக்கும்தான் காலில் வேலை. அப்ப இவருக்குத் தனிச்சொல் வேணும்.

புலவர் ஐயா:
சொல் இருக்கிறது. புறநானூறு 206இல், அதியமான் பரிசில் தராமல் நீட்டித்தபோது ஔவை, ‘மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர் மழுவுடைக் காட்டகத்து அற்றே’ என்கிறார். கோடரியோடு காட்டுக்குள் போன தச்சன் பிள்ளைகளுக்குப் பிழைப்பா இல்லை? ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.’ பழஞ்சோறு சொன்ன கூலித் தொழிலாளியும் இவர்களும் ஒன்றே. கைத்திறன் உள்ளவர் கைவல்; அதுபோலக் கால்வல். எனவே ‘கால்வலர்’. ஜர்னிமேன் என்பதற்குப் ‘பரிசிலர்’, அதாவது வள்ளல்களை நாடிப் பரிசில் கேட்டுப் போகிறவர்.

பழஞ்சோறு:
கால்வலர் என்றால் கால்வலிக்காரர் என்றல்லவா படிப்பார்கள்! மேலும், 2003 செப்டம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 களக்கோல் (ஃபீல்ட் கோல், ஒன்றுக்கு 3 புள்ளி) அடித்தவர் அவர். டல்லாஸ் எடுத்த 35 புள்ளியில் 21 அந்தக் களக்கோல்களில் வந்தது. அவரைப் போய்ப் பரிசிலுக்கு நின்றவர் என்பதா?

புலவர் ஐயா:
நின்றார்தானே. 2012 ஜனவரியில் நியூ இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி நொடிகளில் 32 கஜ உதை இடப்பக்கம் விலகியது. பால்டிமோர் 23–20 என்று தோற்றது. ஆகஸ்டில் ஜஸ்டின் டக்கர் என்ற புதிய உதைப்பாளரை வைத்துக்கொண்டு இவரை விட்டுவிட்டார்கள். ஔவை வாயிலில் காத்து நின்றார்; இவருக்கு வாயிலே அடைத்தது. ஔவை யாழை எடுத்துக்கொண்டு கிளம்பத் துணிந்தார். இவருக்குக் காலும் எம்.பி.ஏ.யும்.

வல்வையூரான்:
விளக்கம் வடிவாத்தான் இருக்குது. வாசிக்கிறவனுக்கு விளங்குமா?

கோவையான்:
பொழுது விடியப்போகிறது. ‘பல அணிகளுக்கு ஆடிய உதைப்பாளர்’ என்று அனுப்பிவிட்டேன். மூவர் சரி என்றார்கள், புலவர் ஐயா மன்னிக்கவும். கட்டுரையில் வரும் ‘எக்சிகியூட்டிவ்’ என்பதற்கு ‘நிர்வாகி’ போட்டேன். அதைத் தயவுசெய்து யாரும் தொடவேண்டாம்.

புலவர் ஐயா:
பரிசிலர் என்பதை நான் விடவில்லை. அப்புறம், நிர்வாகி வடசொல் ஆயிற்றே?