பிளக்-இன் ஹைபிரிட் காரைச் சேலத்தில் சார்ஜ் செய்வது: வீட்டு இணைப்பும் ஏற்காட்டு மலைப்பாதையும்

கேள்வி: கன்னங்குறிச்சிவாசி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒருவர் மூன்றாண்டுகள் ஓட்டிய பிளக்-இன் ஹைபிரிட் கார் (பிளக்கில் சார்ஜ் செய்யும் பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடுவது) ஒன்றைச் சென்ற மாதம் வாங்கி வந்திருக்கிறேன். அதன் பேட்டரி 12 யூனிட் கொள்ளளவு உடையது. அதில் 10 யூனிட் அளவுக்குத்தான் ஓட்டத்துக்குப் பயன்படும் என்று கையேடு சொல்கிறது. காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.7 கிலோவாட் வரை மின்சாரத்தை ஏற்கும். பவர் பிளக்கில் செருகும் 10 ஆம்பியர் கேபிள் ஒன்றும் காருடன் வந்தது.

என் ஓட்டம் இரண்டு வகைப்பட்டது. வேலை நாட்களில் ஓமலூர் பக்கம் போய் வர 35 கிலோமீட்டர் ஆகிறது. மாதம் இருமுறை ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்கு அருகிலுள்ள மாமனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்று, ஓர் இரவு தங்கித் திரும்புகிறோம். எங்கள் வீடு இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டியது. இரண்டு மாத மின் கணக்கு இதுவரை 350 யூனிட்டை ஒட்டியே வந்துள்ளது.

என் ஐயங்கள் மூன்று. 7.4 கிலோவாட் சார்ஜரைச் சுவரில் பொருத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு கடைக்காரர் வற்புறுத்துகிறார், அது தேவைதானா? மின்கட்டணம் எகிறிவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் உண்மை உண்டா? மூன்றாவதாக, இணையத்தில் படிக்கும் குறிப்புகள் எல்லாம் "எங்கு பிளக் கிடைத்தாலும் செருகுங்கள், எப்போதும் முழுமையாக நிரப்பி வையுங்கள்" என்கின்றன. மாமனார் வீட்டிலும் இரவு முழுவதும் செருகி, காலையில் 100 சதவீதத்துடன் மலையிறங்குவது சரியா?

பதில் 1: சூரமங்கலம் ஒயரிங்

வணக்கம் ஐயா. முப்பது ஆண்டுகளாக வீட்டு ஒயரிங் செய்து வருபவன் என்பதால் முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

7.4 கிலோவாட் சார்ஜர் உங்களுக்கு வேண்டியதில்லை. சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்காது. அகலமான வாய்க்காலை வெட்டிவிட்டு முனையில் சின்ன மடை வைத்த கதைதான். உங்களிடம் இருக்கும் 10 ஆம்பியர் கேபிள் 230 வோல்ட்டில் 2.3 கிலோவாட் தரும். வெறுமையான பேட்டரியை நிரப்ப, வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து 11 முதல் 12 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினால் விடியுமுன் நிறைந்திருக்கும்.

அந்தப் பணத்தைச் சுவருக்குள் போடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பவர் பிளக் கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் கணக்குப் பண்ணிப் போட்டது. ஹீட்டர் இருபது நிமிடத்தில் அணைந்துவிடும், ஆனால் கார் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் 10 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது திருகு தளர்ந்திருந்தால் அந்த இடம் மெல்ல மெல்லக் கருகும். ஆகவே மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் இழுத்து, தரமான 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் பொருத்தி, அதற்கென்று தனி எம்சிபியும் (சுமை மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் துண்டிப்பது) போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எக்காரணம் கொண்டும் கூடாது. முதல் வாரத்தில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். கேபிளின் நடுவிலிருக்கும் கனத்த பெட்டியைப் பிளக்கிலிருந்து தொங்கவிடாமல் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். அதன் எடையே பிளக்கைத் தளர்த்திவிடும்.

எர்த் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கமெல்லாம் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். கோடையில் மண் காய்ந்ததும் எர்த் குழி வேலை செய்யாமல் போய்விடும், காரும் "எர்த் இல்லை" என்று சார்ஜை மறுத்துவிடும். பல பேர் கார் பழுது என்று பணிமனைக்கு ஓடுகிறார்கள். எர்த் அளக்கும் கருவியோடு வரச் சொல்லி ஒருமுறை பாருங்கள். பழைய குழியாக இருந்தால் புதிதாக ஒன்று போட்டுவிடுவதே நல்லது.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், கார் பிளக் அந்த லைனில் போகவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் கரண்ட் போன மறுநொடி இன்வெர்ட்டர் காரைச் சுமக்க முயன்று அலறியதை நேரில் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஏசியும் இருப்பின், உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று பேஸ் இணைப்பு என்றால் ஏசி ஒரு பேஸிலும் கார் இன்னொன்றிலும் இருக்கட்டும்.

கட்டணம்: அச்சத்தில் பாதி உண்மை. ஒரு நாளைக்கு 8 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 50 வேலை நாளுக்கு 400 யூனிட். உங்கள் 350 இனி 750 ஆகும். 500 யூனிட்டைத் தாண்டியவுடன் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை குறைவதோடு, 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆகிறது. எல்லாம் சேர்த்துக் காருக்கென்று கூடுவது மூன்றரை ஆயிரத்தை ஒட்டி வரும். ஆனால் அதே 1,750 கிலோமீட்டரைப் பெட்ரோலில், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று ஓட்டினால் 125 லிட்டர் வேண்டும். அது பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பில்லைத் தனியாகப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், பெட்ரோல் பங்க் ரசீதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கூரையில் இடம் இருந்தால், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. விடுமுறை நாட்களில் பகலிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம்.

பதில் 2: சேர்வராயன் காபி

மூன்றாவது கேள்வி என்னைப் போன்றவனுக்காகவே கேட்கப்பட்டதாகத் தோன்றுகிறது. ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். இதே வகைக் காரில் வாரம் இருமுறை மலை ஏறி இறங்குகிறேன்.

மேலே முழுமையாக நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். சமவெளியில் வாழ்பவர்கள் சமவெளிக்காரர்களுக்காக எழுதிய அறிவுரை அது.

வாங்கிய புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். இரவெல்லாம் செருகி வைத்து, 100 சதவீதம் காட்டிய பெருமையோடு காலையில் கிளம்பினேன். 20-ஆவது கொண்டை ஊசி வளைவைக் கடந்து சரிவு தொடங்கியதும், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலேயே இன்ஜின் உறுமத் தொடங்கியது. கார் கெட்டுவிட்டது என்று மனைவி பதறிவிட்டார். 11-ஆவது வளைவை நெருங்கும்போது பிரேக் காய்ந்த வாடை மூக்கில் ஏறியது. ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே மேற்கொண்டு இறங்கினோம்.

காரணம் எளிது. இவ்வகைக் காரில் நாம் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சரிவில் கிடைக்கும் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் தள்ளுகிறது. பிரேக்கின் சுமையில் பெரும்பகுதியை அதுவே ஏற்றுக்கொள்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் தள்ளுவதற்கு இடமில்லை. அப்போது கார் இன்ஜினைச் சுழலவிட்டு வேகத்தைத் தடுக்கப் பார்க்கும், மீதி முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

கணக்காகவே சொல்கிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏற்காட்டை அடைவதற்குள் 1,100 மீட்டருக்குக் குறையாமல் ஏறிவிடுகிறோம். ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 6 யூனிட் வேண்டும். டயர் உராய்வும் மோட்டாரில் வீணாவதும் சேர்ந்து 9 யூனிட்டை நெருங்கிவிடும். இறங்கும்போது அந்த 6 முழுவதும் திரும்பி வராது. என் காரில் 2½ முதல் 3 யூனிட் வரை வருகிறது. குப்பனூர் வழியாக இறங்கினாலும் கணக்கு இதுதான். பாதை மாறினாலும் உயரம் மாறுவதில்லை.

இதிலிருந்து உங்களுக்கான முறை தானாகக் கிடைக்கிறது. கன்னங்குறிச்சியில் முழுமையாக நிரப்பிக்கொண்டு மின்சாரத்திலேயே மலை ஏறுங்கள். அடிவாரம் உங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் வழியில் வீணாவது குறைவு. மேலே சேரும்போது பேட்டரி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும், இடையில் இன்ஜின் கைகொடுத்தாலும் வியக்க வேண்டாம். மாமனார் வீட்டில் செருகாமலே விட்டுவிட்டாலும், இறங்கி முடிக்கும்போது ஊருக்குள் 12, 13 கிலோமீட்டர் ஓடும் அளவுக்கு மின்சாரம் சேர்ந்திருக்கும். வெறுங்கையோடு போய் நிறைகையோடு திரும்புவது மாப்பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? மேலேயே லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று சுற்றும் எண்ணமிருந்தால் செருகுங்கள். ஆனால் கிளம்பும் நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு வைக்கும் வசதி உங்கள் காரில் இல்லையென்றால், கைப்பேசியில் அலாரம் வைத்துப் பிளக்கைப் பிடுங்குவதே வழி.

இறங்கும்போது கியர் லீவரில் ‘பி’ (B) என்று காட்டும், மோட்டாராலேயே வேகத்தைத் தடுக்கும் நிலையிலோ தாழ்ந்த கியரிலோ இறங்குங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இந்தக் காருக்கும் பொருந்தும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும்போதும் அவசரப்படாதீர்கள். ஓட்டத்தின்போதே இன்ஜினை வைத்துப் பேட்டரியை நிரப்பும் ‘சார்ஜ்’ நிலையை ஏற்றத்தில் போடுவது பெட்ரோலைக் கொட்டுவதற்குச் சமம். பெங்களூரிலிருந்து வருகிறீர்கள் என்றால் ‘சேவ்’ நிலையில் ஓட்டி, பேட்டரியைச் சேலம் நெரிசலுக்கு மிச்சம் வைக்கலாம். ஆனால் தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கும் பேட்டரியில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

மலை வீடுகளின் மின் இணைப்பைப் பற்றி ஒரு சொல். தோட்டத்துப் பழைய வீடுகளில் ஒயர் பழையது, மாலையில் வோல்டேஜும் இறங்கும். கேபிளில் மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் 8 ஆம்பியருக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரில் செருகும் கைப்பிடி மழையைத் தாங்கும். சுவர்ப் பிளக்கும் கேபிள் பெட்டியும் நனையக் கூடாது. கோடை மழையில் இடி இறங்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேபிளை இரவில் தரையில் விட்டால் எலி கடிக்கும். இது என் சொந்தச் செலவில் கற்றது.

பதில் 3: ஐந்து ரோடு

மேலே சொன்னவற்றோடு ஒன்று: பேட்டரி நீண்டகாலம் உழைக்க வேண்டுமானால் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று படித்திருக்கிறேன். அது இங்கே யாருடைய பதிலிலும் வரவில்லையே? மேலும், நெடுஞ்சாலையில் இருக்கும் அதிவேக டிசி (நேர் மின்னோட்ட) சார்ஜிங் நிலையங்களை இவர் பயன்படுத்தலாமா?

பதில் 4: சேர்வராயன் காபி

80 சதவீத விதி பெரிய பேட்டரி கொண்ட முழு மின்சாரக் கார்களைப் பற்றியது. பிளக்-இன் ஹைபிரிட்டில் உற்பத்தியாளரே மேலும் கீழும் ஒரு பகுதியைப் பூட்டி வைத்துவிடுகிறார். கேள்வி கேட்டவரின் 12 யூனிட்டில் 10 மட்டுமே பயன்படுவது அதனால்தான். திரையில் 100 என்று காட்டினாலும் உள்ளே பேட்டரி உச்சத்தில் இல்லை. ஆகவே ஓமலூர் போகும் நாட்களில் தயங்காமல் முழுமையாக நிரப்பலாம், 35 கிலோமீட்டருக்கு அது வேண்டியும் இருக்கிறது.

பேட்டரிக்கு உண்மையான பகை சூடு. சித்திரை வெயிலில் ஓமலூரிலிருந்து திரும்பி வந்த கையோடு செருகாமல் இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். இரவு பின்னேரம் தொடங்கி, கிளம்புவதற்குச் சற்று முன் முடியும்படி நேரம் குறித்துவிட்டால், நிறைந்த பேட்டரி வெயிலில் சும்மா கிடக்கும் நேரமும் குறையும். பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதி அளவில் விட்டுச் செல்லுங்கள்.

பிளக்-இன் ஹைபிரிட்களில் பெரும்பாலானவை டிசி சார்ஜை ஏற்பதில்லை; காரிலுள்ள துளையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீட்டு மின்சாரத்தைப் போன்ற மாறுதிசை மின்னோட்ட (ஏசி) முனை உள்ள நிலையங்களில் செருகலாம்தான். ஆனால் நமக்குப் பெட்ரோல் இருக்கிறது. பின்னால் காத்திருக்கும் முழு மின்சாரக் காருக்கு வேறு வழியில்லை. 10 யூனிட்டுக்காக மூன்று மணி நேரம் இடத்தைப் பிடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கன்னங்குறிச்சிவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. எர்த் அளப்பதற்கு ஆள் சொல்லிவிட்டேன், 7.4 கிலோவாட் சார்ஜரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. வேலை நாட்களில் முழுவதும் மின்சாரத்திலேயே ஓடினால் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்குமே, அதனால் தீங்கு உண்டா?

சூரமங்கலம் ஒயரிங்

என் மகனின் காரிலும் இதே கேள்வி வந்தது, அதனால் சொல்கிறேன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு மறந்துவிடாமல், பத்துப் பதினைந்து லிட்டர் மட்டும் வைத்துச் சுழற்சியில் ஓட்டுங்கள். சில கார்கள் நெடுநாள் இன்ஜின் ஓடாவிட்டால் தாமாகவே அதை ஓட்டிக்கொள்ளும். நீங்கள் மாதம் இருமுறை மலை ஏறுவதால் இன்ஜினுக்கு அந்த வேலை கிடைத்துவிடும். இருந்தாலும் ஏதாவது ஒரு மாதம் ஏற்காடு போகாவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைபிரிட் நிலையில் இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள். எர்த் அளந்ததும் எத்தனை ஓம் வந்தது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.