வேலைக்குச் செல்லும் தாய் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி (முக்கூடல் மருமகள்):
வணக்கம். நாள்தோறும் பேருந்தில் வண்ணார்பேட்டைக்குச் சென்று ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகிவிடுகிறது. பிள்ளைகள் இருவர், மூத்தவள் ஆறாம் வகுப்பு. சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றியபடியே, "நீ படி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்கள் அத்தை. அவர்கள் மீது மேலும் வேலையைச் சுமத்த எனக்குத்தான் மனம் வரவில்லை.

பதில் 1 (பாளையங்கோட்டை அக்கா):
தங்கச்சி, 300 மதிப்பெண்ணில் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் 150. அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எனவே மகளின் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது அருகில் அமர்ந்து நீங்களும் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். என் மகன் என்னிடம் கேள்வி கேட்டுத் திணறடிப்பான்.

பதில் 2 (அம்பை வாசகர்):
பேருந்தில் படித்தால் தலைசுற்றும். இலக்கணக் குறிப்புகளை உங்கள் குரலிலேயே கைபேசியில் பதிந்து, போகும்போதும் வரும்போதும் கேளுங்கள்.

பதில் 3 (பேட்டை அத்தான்):
கணவர் என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே! மாவு ஆட்டுவதை அவரிடம் விடுங்கள்.

முக்கூடல் மருமகள்:
அத்தான் கேட்டதைக் கணவரிடமே காட்டினேன். இன்று அரிசியை அவர்தான் ஊறவைத்திருக்கிறார், உளுந்தை மறந்துவிட்டார்.